அட்டையில் விழுந்த ஓட்டை

ஏனுங்கக்கா, அந்தச் சன்னலோரத்தைக் கொஞ்சம் விட்டுத் தர்றீங்களா? எனக்கில்லைங்க, இவனுக்கு. பஸ் ஏறினா வாந்தி எடுப்பான். உங்க சீலை நல்ல சீலையா இருக்குது, அதுக்காகத்தான் சொல்றேன். சந்தோசமுங்க. டேய் முகிலா, பெரியம்மாளுக்கு வணக்கம் வை. வைக்கமாட்டான். வீட்டுல இருந்தா எருமைக்கெல்லாம் வணக்கம் வைப்பானுங்க, ஆளைக் கண்டா வாயில கொழுக்கட்டை.

நீங்களும் அந்தியூர்தானுங்களா? குருநாதசாமி நோம்பிக்கா? அதானே பார்த்தேன், ஈரோட்டுலயே இத்தனை கூட்டம். நான் நோம்பிக்குப் போகலைங்க. என்ற தங்கச்சிக்குப் பையன் பொறந்திருக்குது. தொட்டில் கட்டப் போறேன். ஆடி மாசமாச்சேன்னு பார்க்காதீங்க, பேர் வைக்கிறது விருந்து வைக்கிறதெல்லாம் ஆவணியிலதான். இது சும்மா படுக்க வைக்கிற தொட்டில். ஆனாலும் ராகுகாலத்துக்கு முன்னால கட்டிரணும்ன்னு அவ மாமியா சொல்லுது. மணி என்னங்க இப்போ? பவானியே இன்னும் தாண்டலையே. இந்த டிரைவருக்குக் கால்ல ஆணியா என்ன, மிதிக்கவே மாட்டேங்கறாரு.

இல்லைங்க, இந்தப் பையைக் கீழே வைக்கமாட்டேன். மடியிலயே இருக்கட்டும். உள்ளே சீலைங்க. புதுசில்லை, நான் உடுத்தி நைஞ்ச சீலைங்கதான். அலசோ அலசுன்னு அலசி, வெய்யல்ல காயப் போட்டுக் கொண்டாறேன். கொஞ்சம் மோந்து பாருங்களேன். தப்பா நினைக்காதீங்க, சும்மா ஒரு தடவை. என்ன வாசம் வருது? வெய்யல் வாசம்தானே? பாச்சை உருண்டை வாசம் ஏதாச்சும்? இல்லையில்ல? உங்களுக்குச் சளி கிளி பிடிச்சிருக்கலையே? எதுக்குக் கேக்கறேன்னா, எனக்கு இப்பெல்லாம் எதை மோந்தாலும் அந்த வாசம்தானுங்க வருது.

பாச்சை உருண்டை தெரியாதுங்களா? பீரோவுல, துணிப் பொட்டியில பூச்சி அண்டாம இருக்கப் போடுவோமே, வெள்ளை வெள்ளையா, கற்பூரமாட்ட. அதுதான். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். அந்த உருண்டைதான் இவனைக் கொல்லப் பார்த்துச்சுங்க.

சத்தியமா. இல்லைங்க, திங்கலை. வாயில போடலை. பொறந்து அஞ்சாறு நாள் ஆன கொழந்தை, அது எங்க எடுத்துத் திங்கும்?

எங்கம்மா போனப்போ நானும் தங்கச்சியும் பங்கு பிரிச்சது நகையில்லைங்க, நகை எங்க இருந்துச்சு? சீலைதான் பிரிச்சோம். ஆளுக்கொரு தகரப் பொட்டி. அந்துப்பூச்சி அரிச்சரக்கூடாதேன்னு கைகையா உருண்டையை அள்ளிப் போட்டுப் பூட்டி வெச்சோம். இவன் பொறந்தப்போ, முதல் துணி பழைய சீலையிலதானே சுத்தணும்? உங்க பக்கமும் அதானே முறை? எங்க அத்தை, அதான் என்ற மாமியா, தன்னோட சீலையைக் கிழிக்க எடுத்துட்டு வந்தாங்க. நல்ல மல்லுச் சீலை, வெண்ணெயாட்ட இருந்துச்சு. நான் ஒரே பிடியா, "வேண்டாங்கத்தை, எங்கம்மா சீலைதான்"ன்னுட்டேன். பொட்டியைத் திறந்து, எடுத்து, அப்படியே சுத்தினேன். தொட்டிலும் அதுலயேதான் கட்டினேன். அலசக்கூட இல்லைங்க. அலசினா அம்மா வாசம் போயிருமேன்னு. அதுல அம்மா வாசம் எங்க இருந்துச்சு, உருண்டை வாசம்தான் இருந்துச்சு. அது எனக்கு அப்போ தெரியலை.

அஞ்சாறு நாள்ல கண்ணு மஞ்சளாச்சு. துணியில பார்த்தா ஒண்ணுக்கு வரக்காப்பி நிறத்துல இருக்குது. எங்க அத்தைதான் முதல்ல பார்த்தாங்க. "கண்ணு, இது நல்லால்ல, கிளம்பு"ன்னாங்க. "எல்லாக் கொழந்தைக்கும் மஞ்சள் வர்றதுதானுங்கத்தை, காலைல வெய்யல்ல காட்டினாப் போயிரும்"ன்னேன். எனக்கு நாலும் தெரியும்ன்னு நினைப்பு. அவங்க காதுல போட்டுக்கலை, ஆட்டோவை வாசலுக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஆசுபத்திரியில இவனுக்கு வேற ரத்தம் ஏத்தினாங்க. இந்தக் கையில, இந்த இடத்துல. இப்போ பாருங்க, அதே கையில எத்தனை முறுக்கு பிடிச்சிருக்கறான்னு.

டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துட்டு, சுத்தியிருந்த துணியை மூக்குக்கிட்டக் கொண்டுபோனாங்க. "என்னம்மா வாசம் இது?"ன்னாங்க. "எங்கம்மா சீலைங்க"ன்னேன். எனக்கு அதைவிட வேற என்ன சொல்லத் தெரியும்?

அப்புறம் சொன்னாங்க. ரத்தத்தைக் காப்பாத்தற சத்து ஒண்ணு எல்லாருக்கும் ஊறுமாம், இவனுக்கு அது சரியா ஊறாதாம். மத்தபடி ஒண்ணும் தெரியாது, ஓடுவான், ஆடுவான், உங்களை என்னை மாதிரிதான் இருப்பான். இந்த உருண்டைக் காத்துப் பட்டாலோ, சில மாத்திரை உள்ளே போனாலோதான் ரத்தம் பொலபொலன்னு உடைஞ்சு போகுமாம். பொறக்கறப்பவே வர்ற மாத்தம்ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் சென்னிமலையில போர்வைத் தறி ஓட்டறாருங்க. அவரு கேட்டாரு, "ஏனுங்க, எங்க தறிக்கு மேல அட்டை கோத்திருக்கும். மயில் எங்க விழணும், பூ எங்க விழணும்ன்னு அதுல ஓட்டை குத்தியிருக்கும். ஒரு ஓட்டை மாறி விழுந்துட்டா மயிலுக்குக் கண்ணு இருக்காது. அந்த அட்டையில எத்தனை போர்வை ஓட்டினாலும் அத்தனை மயிலும் குருடுதானுங்க. இதும் அப்படிங்களா?" டாக்டரம்மா சிரிச்சுட்டு, "அப்படியேதான். எல்லா உயிருக்கும் உள்ளே ஒரு அட்டை இருக்குது. எப்பவோ, யாருக்கோ, ஒரு ஓட்டை மாறி விழுந்திருக்கும், அது அப்படியே இறங்கி வருது"ன்னாங்க.

"அட்டையை மாத்த முடியாதுங்களா?"ன்னாரு.

"முடியாது. ஆனா எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுட்டாப் போதும், பார்த்து ஓட்டிக்கலாம். தெரியாம ஓட்டினாத்தான் ஆபத்து."

"எந்தப் பக்கத்து அட்டைங்க?"ன்னாரு. கேக்காம இருந்திருக்கலாம் அந்த மனுசன்.

"அம்மா பக்கம்"ன்னாங்க. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. நான் திரும்பி எனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கறாங்களான்னு பார்த்தேனுங்க. செவுருதான் இருந்துச்சு.

பொண்ணுங்களுக்கு அந்த அட்டை ரெண்டு இருக்குமாம், ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். பையனுக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அம்மா குடுக்கறது. எனக்கு ஒண்ணும் பண்ணலை பாருங்க, கல்லைத் தின்னாலும் செரிக்குது. டாக்டரம்மா கேட்டாங்க, "உங்க அம்மாவுக்கு ஆம்பளப் புள்ளைங்க இருந்தாங்களா?" இருந்தாங்க. எங்களுக்கு முன்னால ரெண்டு பேர். ரெண்டும் பொறந்த வாரத்துலயே மஞ்சப் பூத்துப் போயிருச்சுங்க. "அப்போ உங்க தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லிருங்க. அவங்ககிட்டயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பையன் பொறந்தா அன்னிக்கே ரத்தம் பார்த்துரணும்"ன்னாங்க. சரிங்கன்னேன்.

சரின்னுதான் சொன்னேன்.

ஐயோ, நின்னே போச்சா? ஏனுங்க கண்டக்டரே, என்னங்க முன்னாடி? குதிரை லாரியா? இத்தனை லாரியுமா? பருவாச்சி வரைக்கும் இப்படியேதானா! நல்லா இருக்குது போங்க. வருசாவருசம் நோம்பிச் சந்தைக்கு வர்ற குதிரைதானே, ஓரமா நிறுத்தி இறக்கினா என்னவாம்? முகிலா, அங்க பாரு சாமி, வெள்ளைக் குதிரை. எட்டாதே, எட்டாதே. அம்மாடி, என்ன வெள்ளைங்க! பால்ல முக்கி எடுத்த மாதிரி. மூக்குக்கூட ரோசாப்பூ நிறம். அந்தக் கண்ணைப் பாருங்க, நீலம். அத்தனை பேரும் அதையேதான் சுத்தி நிக்கறாங்க. கண்டக்டர் சொல்றாரு, அந்த மாதிரி பொறக்கறது அபூர்வமாம், ராசாக்களாட்ட விலை பேசுவாங்களாம்.

அதுவும் அட்டையில விழுந்த ஓட்டைதானுங்க. நிறம் விழ வேண்டிய எடத்துல விழலை, அவ்வளவுதான். இவரு, எங்க வீட்டுக்காரர், போன வருசம் நோம்பியில இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்துட்டு அதையேதான் சொன்னாரு. குதிரைக்கு விழுந்தா ஊர்வலம் விடறாங்க. எங்கம்மாளுக்கு விழுந்ததுக்கு ஊரு என்ன பேர் வெச்சுது தெரியுங்களா? ஆண் தங்காத வயிறு.

ஆமாங்க. வாய் கூசாமச் சொல்லுவாங்க. சீருக்குக் கூப்பிடமாட்டாங்க. பந்தக்கால் நடறப்போ எங்கம்மா முன்னாடி நின்னா, "கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லாத்தா"ம்பாங்க. எங்கம்மாளும் சிரிச்சுக்கிட்டே தள்ளி நிக்கும். சிரிக்கறவங்க எல்லாம் சந்தோசமா இருக்கறாங்கன்னு நான் நம்பமாட்டேனுங்க, எங்கம்மாளைப் பார்த்ததாலதான்.

இப்போ சொல்லுங்க, நான் எப்படித் தங்கச்சி மாமியாகிட்டப் போய் இதைச் சொல்லுவேன்? பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே அந்தம்மா, பஜ்ஜியைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டுருச்சு. "ஏங்கண்ணு, உங்கம்மாளுக்கு ஆம்பளப் புள்ளைங்களே தங்கலையாமே, நிசமா?" தங்கச்சி உள்ளே சீலை கட்டிட்டிருக்கறா. எங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான்தானுங்க சமாளிச்சேன். இவனை இடுப்புல இருந்து எடுத்து அந்தம்மா மடியிலயே வெச்சுட்டேன். "அந்தக் காலத்துல வைத்தியம் பத்தலைங்க. இதா பாருங்க, எனக்குத் தங்கலையா? குண்டு குண்டுன்னு!" அந்தம்மா இவன் கன்னத்தைக் கிள்ளிச்சு, இவன் அந்தம்மா சீலையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான், எல்லாரும் சிரிச்சாங்க, தேதி குறிச்சாச்சு. என்ற சாமர்த்தியம் இல்லைன்னா அந்தக் கல்யாணம் நடந்திருக்காதுங்க. பொய் எங்க சொன்னேன்? குண்டாத்தானே இருந்தான்?

எனக்கு இருந்த பயமெல்லாம் எங்க அத்தை மேலதான். அவங்களுக்கு வாயில பூட்டே இல்லைங்க. பேரனுக்கு இது ஆகாது, அது ஆகாதுன்னு ஊரெல்லாம் மைக் செட்டுதான். பால் சொசைட்டியில சொல்லுவாங்க. கல்யாணப் பந்தியில, பக்கத்து இலைக்காரங்க யாருன்னே தெரியாது, அவங்ககிட்டச் சொல்லுவாங்க. மருந்துக் கடைக்காரப் பையன்கிட்ட நாலு தடவை சொல்லியிருக்காங்க. "எங்க மருமக பக்கத்துல இருந்து வந்துதுங்க, அவ என்ன பண்ணுவா பாவம்"ன்னு அதுக்கு ஒரு வாலு வேற. போன மழைக்கு இவனுக்குக் காய்ச்சல் வந்து, வேற டாக்டர் ஒருத்தர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. அந்தக் கடைக்காரப் பையன் சீட்டைப் பார்த்துட்டு, "அக்கா, உங்க அத்தை சொன்னாங்களே, இந்த மாத்திரை இவனுக்கு ஆகுமான்னு எதுக்கும் கேட்டுட்டு வாங்க"ன்னான். கேட்டா, ஆகாதாம். அது ஒரு தடவை நல்லதாப் போச்சு, இல்லைங்கலை. அதுக்காக? முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டயெல்லாமா வீட்டுச் சங்கதியைப் பேசறது?

தங்கச்சிக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே எங்க அத்தை செல்லைக் கையில எடுத்துட்டாங்க. "சொல்லிரலாம் கண்ணு"ன்னு. நான் ஓடிப்போய்ப் பிடுங்கி, இவன் தலைமேல அவங்க கையை வெச்சுச் சத்தியம் வாங்கினேன். "பொண்ணாப் பொறந்துட்டா இந்தப் பேச்சே வேண்டாமில்லைங்கத்தை, எதுக்கு இப்பவே கிளறணும்?" பொண்ணுதான் பொறக்கும்ன்னு நினைச்சேனுங்க. அவ வயிறு உருண்டையா இருந்துச்சு, புளிப்பா கேட்டுத் தின்னா, எல்லாரும் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. பார்த்தா, பையன்.

சரி, பையனே பொறந்தாலும் அவகிட்ட அந்த அட்டை இல்லாமப் போயிருக்கலாமில்லைங்களா? இருந்தாலும் அந்தக் கொழந்தைக்கு நல்ல அட்டை விழுந்திருக்கலாமில்லைங்களா? டாக்டரம்மாதானே சொன்னாங்க. அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். இன்னிக்குக் காலையில அவ பேசறா, குரல்ல அத்தனை சந்தோசம். "அக்கா, அம்மா சீலையிலதான் தொட்டில் கட்டப் போறேன். அத்தை பொட்டியை வெளிய எடுத்து வெச்சுட்டாங்க"ங்கறா. கல்லுல இருந்த தோசையை அப்படியே விட்டுட்டேன். "நான் வர்ற வரைக்கும் கட்டாதே. தாய் வீட்டு ஆள் வந்து கட்டறதுதான் முறை"ன்னு சொல்லிட்டு, இதையெல்லாம் சுருட்டிப் பையில திணிச்சுட்டு ஓடி வர்றேன். போனதும் அந்தப் பொட்டியைத் தள்ளி வெச்சுட்டு என்ற சீலையில கட்டிட்டா முடிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. எங்கம்மா பேரும் தப்பிச்சுது, தங்கச்சி வாழ்க்கையும் தப்பிச்சுது. நல்ல யோசனைதானே?

ஆனா இந்தப் பஸ் நகர மாட்டேங்குதே! ராகுகாலம் வந்துருமேன்னு அந்தம்மா எனக்காகக் காத்திருக்காம கட்டிட்டா? இருங்க, அந்தம்மாளுக்கே ஒரு போன் போடறேன். இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.

அலோ... அத்தைங்களா? நான் ரேணு பேசறேன். வந்துட்டே இருக்கறேனுங்க, குதிரைக் கூட்டம். அத்தை, ஒரு சங்கதி. எங்க ஊர் ஜோசியரைப் பார்த்துட்டு வர்றேன். கொழந்தை நட்சத்திரத்துக்கு, இறந்து போனவங்க உடுத்தின சீலை ஆகாதாமுங்க. ஆமாங்க. ஆமாங்க, பொட்டியையே வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னுட்டாரு. கொழந்தைக்குப் பக்கத்துலயே கூடாது. சரிங்கத்தை. நல்லதுங்கத்தை. நான் கொண்டாறேன் வேற சீலை.

பார்த்தீங்களா! ஜோசியர்ன்னு ஒரு வார்த்தை. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி இல்லை. "ஐயையோ, அப்படியா"ன்னு பொட்டியை மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்பிட்டாங்க. இதையே டாக்டர்ன்னு சொல்லியிருந்தா எத்தனை கேள்வி வந்திருக்கும்! குடுங்க இவனை. அப்பாடா. தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட?

தங்கச்சி கூப்பிடறா. இருங்க.

என்ன அபிதா? ஏன் அழுகறே? பச்சை உடம்புக்காரி அழுகாதே. இல்லடி, நான் அப்படிச் சொல்லலை, ஜோசியரு... அம்மாளை யாரு ஆகாதவன்னு சொன்னா? நான் சொல்வேனா? நானாடி சொல்வேன்? சரி, சரி, சீலை ஆகாதுன்னா அம்மா ஆகாதுன்னு அர்த்தமா? ...என்ன? நேத்திருந்தேவா? ஆசுபத்திரியில இருந்து கூட்டிட்டு வர்றப்பவே அதுலதான் சுத்தினியா? ராத்திரியும் அதுலயேவா படுக்க வெச்சே? ...அலசினியா? அலசலையா. ஏன் அலசலை? ...அம்மா வாசமா. சரி. பையன் எப்படி இருக்கறான்? தூங்கறானா. எப்ப இருந்து? பாலுக்கு எந்திரிச்சானா? மஞ்சப் பூசின மாதிரி இருக்கறானா... நிறம் குடுக்குதுன்னு உங்க அத்தை சொல்லுதா. சரி. வெச்சுரு. நான் கூப்பிடறேன்.

அக்கா.

நேத்தே சுத்திட்டாங்களாமுங்க.

இல்லை, எல்லாக் கொழந்தைக்கும் மஞ்சள் வர்றதுதான். ரெண்டு நாள் வெய்யல்ல காட்டினா... என்னங்க? இல்லைங்க, அவகிட்டச் சொல்லலை. அவகிட்ட எப்படிச் சொல்றது, பச்சை உடம்புக்காரி பயந்துருவா. அவ புருசன் கடைக்குப் போயிட்டாரு. அவங்க மாமியாகிட்டயா? அக்கா, இத்தனை நேரம் என்ன சொன்னேன் உங்ககிட்ட? பஜ்ஜியைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்ட பொம்பளைங்க அது. இப்போ நான் போய், ஆமாங்க, எங்கம்மா வயித்துலதான் கோளாறுன்னு என்ற வாயாலயே சொல்லணுமா? எங்கம்மா இன்னும் தள்ளித் தள்ளி எங்கதான் நிக்கறது?

என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சொல்லமாட்டேன்னா சொன்னேன்? நான் சொல்றதுதான் வேண்டாங்கறேன். எங்க அத்தை சொல்லட்டும். அவங்களுக்குத்தான் வாயி இருக்குதே. சம்பந்தியம்மாகிட்டச் சம்பந்தியம்மா பேசினா அது வேற மாதிரி. இருங்க.

அத்தை? நான்தானுங்க. பஸ்லதான். அத்தை, அபிதா பையன்... ஆமாங்க. அம்மா சீலையிலதான். நேத்திருந்து. மஞ்சளா இருக்கறானாம், பாலுக்கு எந்திரிக்கலையாம். நீங்க கொஞ்சம் அந்தியூருக்குப் போன் பண்ணி... நீங்கதான் பதமாப் பேசுவீங்க. சத்தியமா? அது நான் வாங்கினதுதானே, நானே திருப்பிக் குடுத்தர்றேன். ...ஏனுங்கத்தை? ...ம். ...ம். ...சரிங்க.

என்ன சொல்றாங்க தெரியுங்களா? "நான் சொன்னா உங்கம்மாளைக் குறை சொல்ற மாதிரி ஆயிரும் கண்ணு. நீ சொன்னாத்தான் உங்கம்மாளுக்காகப் பேசற மாதிரி இருக்கும். வெச்சுரு, நேரம் போகுது"ன்னு கட் பண்ணிட்டாங்க. ஊருக்கெல்லாம் சொல்றவங்க! இன்னிக்குப் பார்த்து!

இவன் கையைப் பாருங்க. இந்தத் தழும்பு. இது இத்தூண்டு கையில அப்போ எவ்வளவு பெருசா இருந்துச்சு தெரியுங்களா?

பிடிங்க இவனை. பையையும் பிடிங்க.

அலோ. அத்தை, நான் ரேணு. மறுக்காவும் நான்தான். அத்தை, ஜோசியர் ஒண்ணும் சொல்லலைங்க. நானாச் சொன்னேன். கத்தாதீங்க, கேளுங்க. கொழந்தையை இப்பவே, இந்த நிமிசமே ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. சீலையை அவுத்து எறிஞ்சுட்டுத் தூக்குங்க. அந்த உருண்டை வாசம் அவனுக்கு ஆகாம இருக்கலாமுங்க. என்ற பையனுக்கு ஆகலை. சாகக் கிடந்தான். ஆமாங்க, இந்தப் பையன்தான். உங்க மடியில வெச்சேனே, அவனேதான். ரத்தம் மாத்திப் பொழைச்சான். அது பொறப்புலயே வர்றதுங்க. எங்கம்மா வழியில வர்றது. ...ஆமாங்க. அந்த ரெண்டு பையனும் அதுலதான் போயிருக்கணும்ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்கம்மா ஒண்ணும் பண்ணலைங்கத்தை. அது யாரும் பண்றதில்லைங்க, தறி அட்டையில ஓட்டை மாறி விழற மாதிரி. எங்கம்மாளுக்கே தெரியாது. எனக்குத்தான் தெரியும். ...தெரியுமுங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும். ...திட்டுங்க. அப்புறமா உக்காந்து திட்டுங்க, நானே வந்து முன்னாடி நிக்கறேன். இப்போ ஆட்டோவைக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்ட, பாச்சை உருண்டைத் துணியில படுத்திருந்தான், பெரியம்மா பையனுக்கு ரத்தம் உடையற நோவு இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களே புரிஞ்சுக்குவாங்க. மறந்துராதீங்க. அலோ? ...அலோ?

வெச்சுட்டாங்க.

பஸ்ஸு பூரா என்னைத்தான் பார்க்குதுங்களா? பார்க்கட்டும். கத்தாம எப்படிப் பேசறது, குதிரை கனைக்கிற கனைப்புல.

என்ன சொன்னாங்களா? ஒண்ணும் நல்லாச் சொல்லலைங்க. "அந்தப் பையனைக் காட்டித்தானே எங்களை நம்ப வெச்சே?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "ஏன்டி, எட்டி இருக்கற எனக்குத்தான் சொல்லலை, கூடப் பொறந்தவளுக்குமா சொல்லலை?"ன்னாங்க. அவ நல்லாருக்கணும்ன்னுதானே நான்...

இன்னும் நகரலையா இந்தக் குதிரை? இறங்கி நடந்தரலாமா? எவ்வளவு தூரம் இருக்கும்? இவனைத் தூக்கிட்டு நடக்கறதா. ஆட்டோ கிடைக்குமா இங்க? மணி என்னங்க? இப்பத்தான் கேட்டேனா? ஏன் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க? நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா. ஆட்டோவுல இருப்பாளா? கோவிச்சுட்டு வீட்லயே உக்காந்திருப்பாங்களா? இல்லைங்க, கோவம் எங்க மேல, கொழந்தை அவங்க கொழந்தை. இல்லைங்களா? நீங்க ஏதாச்சும் பேசுங்களேன். நானே எத்தனை நேரம் பேசறது.

அடிக்குது. அந்தம்மாதான்.

அத்தை? ...ம். ...ம். எடுத்துட்டாங்களா. நீல லைட்டா? கண்ணுக்குத் துணி கட்டியிருக்காங்களா? கட்டுவாங்க, இவனுக்கும் கட்டினாங்க, பயந்துராதீங்க. ...அழுகறானா? நல்லா அழுகறானா? அழுகட்டும், அழுகட்டும். ...வேற ரத்தம் தேவைப்படாதுங்கறாங்களா. ...ஏனுங்க? சரிங்கத்தை. சரிங்கத்தை. கொண்டாறேன்.

அக்கா, ரத்தம் எடுத்துட்டாங்களாம். முடிவு வர நேரமாகுமாம், ஆனா இதாத்தான் இருக்கும்ன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உருண்டைன்னு சொன்னதும் அவரே மளமளன்னு வேலையை ஆரம்பிச்சுட்டாராம். சரியான நேரத்துக்குச் சொன்னீங்கன்னாராம். "யாரு சொன்னா?"ன்னு கேட்டாராம். இந்தம்மா, "பையனோட பெரியம்மாக்காரி"ன்னுச்சாம். வேற ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லலையாம், அதையும் என்கிட்டச் சொல்லிக் காட்டுது. அப்புறம், "அந்தச் சீலையை வெசையாக் கொண்டா. அவனைப் போர்த்தறதுக்கு ஒரு நல்ல துணி இல்லை இங்கே"ன்னு வெச்சுருச்சு. கோவம் அப்படியேதான் இருக்குது. ஆவணி வரைக்கும் தாங்கும் போல.

தங்கச்சி என்கிட்டப் பேசலைங்க. அவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா, மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. பேசுவா. பேசாம எங்க போயிருவா?

எந்திரிங்க, நான் இறங்கிக்கறேன். இதுக்கு மேல உக்கார முடியாது, நடந்துட்டே யாராச்சும் வண்டிக்காரரைக் கை காட்டிக்கறேன். பையைக் குடுங்க. வா சாமி. அட, அங்க பாருங்கக்கா! வெள்ளைக் குதிரைக்கு வணக்கம் வைக்கறான். இத்தனை நேரம் உங்களுக்கு வைக்காதவன்.

எங்க அத்தைக்கு ஒரு போன் போடணும். பொறகு போட்டுக்கலாம், இந்நேரம் பால் சொசைட்டி பூரா தெரிஞ்சிருக்கும். சொல்லட்டும் விடுங்க.

ஏனுங்க, உங்களுக்கு மருமக உண்டான்னே கேக்கலையே நான்? முழுகாம இருக்குதா? அப்படிங்களா! அப்போ வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்க. எல்லாருக்கும் இந்த நோவு இருக்காதுங்க, பயப்பட வேண்டாம், ஆனா கொழந்தைத் துணியில அந்த உருண்டை வேண்டாம். பையன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. கண்டக்டரே, படியில கொஞ்சம் வழி விடுங்க. உங்க வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்களா? இல்லையா? அக்கம்பக்கத்துல? ஏனுங்க, அந்தக் கடைசி சீட்டுல கொழந்தையைப் போர்த்தி வெச்சிருக்கற அம்மிணி, உங்களைத்தான், அந்தச் சீலை எந்தப் பொட்டியில இருந்து எடுத்ததுங்க?